கேட்கத் தெரியாமல் கேட்ட வாரம்

நான் ஸ்கூட்டரை நிறுத்தியபோது கோவிந்தன் அண்ணன் வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் துணிப்பை. அதற்குள் மடித்த போர்வை, இரண்டு பிஸ்கட், மருத்துவமனைக் கோப்பு. காலை ஐந்து நாற்பதுக்கு வர வேண்டிய வேன் ஏழரைக்கும் வரவில்லை.

"இவ்வளவு நேரமாவா இங்கேயே உக்காந்திருக்கீங்க? எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா அண்ணா?"

"வரும்மா, வரும். டிராபிக்கா இருக்கும்."

லிங்கராஜபுரத்தில் காலை ஐந்தே முக்காலுக்குப் பால் வண்டியைத் தவிர வேறு எதுவும் ஓடாது. அவர் கால்களைப் பார்த்தேன். செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது. சுற்றிலும் வீக்கம்.

எனக்குத் தகவல் சொன்னவள் ஸ்டெல்லா. அவர் வீட்டுக்கு எதிரில் இருப்பவள். கடைக்குப் போகக் கதவைத் திறந்தவள் இவரைப் பார்த்துவிட்டு என்னை அழைத்தாள். இப்போது கையைக் கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்றிருந்தாள்.

"இது ரெண்டாவது தடவை ஆன்ட்டி. போன தடவை டிரைவர் மேலே பழி போட்டீங்க. இந்த தடவை யாரு?"

அண்ணனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு டயாலிசிஸ் மையத்துக்குப் போனேன். அவருடைய முறை தாண்டிவிட்டிருந்தது. கெஞ்சிக் கேட்டதில் கடைசி முறையில் ஒரு படுக்கை கொடுத்தார்கள். செவிலியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை விட்டீங்கன்னா மூச்சு முட்டிக்கிட்டுதான் வருவாரு. அப்போ டயாலிசிஸ் பெட் இல்லே, ஐசியூதான்" என்றார்.

மழை ஓய்ந்து, காலையில் ஸ்வெட்டர் தேட ஆரம்பித்த ஒரு புதன்கிழமை அது.

யார் மேல் தவறு

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். நான் வேலை பார்க்கும் சிறிய அறக்கட்டளை, சிறுநீரக நோயாளிகளை இரண்டு வேன்களில் வீட்டிலிருந்து டயாலிசிஸ் மையத்துக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. ரிச்சர்ட்ஸ் டவுன், லிங்கராஜபுரம், ஜோகுபாளையம் என்று சுற்றி வரும். அலுவலகம் என்றால் நான், ஒரு கணினி, ஒரு இரும்பு அலமாரி.

கணினியில் உள்ள நோயாளிகள் பதிவேட்டைப் பார்த்து, மறுநாள் யாரை எத்தனை மணிக்கு ஏற்ற வேண்டும் என்ற பட்டியலைத் தயாரிப்பது ஒரு கணினி நிரல். சனிக்கிழமை வகுப்பில் படித்து நானே எழுதியது. முப்பத்தெட்டு வரி. அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தினமும் வரும் பட்டியலை அச்செடுத்துக் கோப்பில் வைப்பது என் வழக்கம். அன்று அலமாரியைத் திறந்து புதன்கிழமைப் பட்டியலைப் பார்த்தேன். கோவிந்தன் அண்ணன் பெயர் இல்லை. முதல் தடவை அவர் விடுபட்டது மூன்று வாரம் முன்பு; அந்த நாள் பட்டியலையும் எடுத்தேன். அதிலும் இல்லை. பதிவேட்டில் மட்டும் இரண்டு நாளுக்கும் அவர் பெயர் ஒழுங்காக இருந்தது.

அப்படியானால் போன தடவை ஓட்டுநர் நாகராஜை நான் திட்டியது அநியாயம். கீழே போய் அவரிடம் சொன்னேன். வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, கன்னடம் கலந்த தமிழில் பதில் சொன்னார்.

"அன்னிக்கே சொன்னேனே மேடம், லிஸ்ட்ல பேர் இல்லேன்னு. சும்னே என்னைத் திட்டினீங்க."

"தப்புதான் நாகராஜ்."

"பரவாயில்லே பிடி, விடுங்க மேடம். கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. நான் நம்பிட்டேன்."

அந்தக் கேலியை வாங்கிக்கொண்டு மேலே வந்தேன்.

மதியம் எங்கள் தலைவர் பால்ராஜ் சார் வந்தார். ஓய்வுபெற்ற பள்ளி முதல்வர். கோபத்தில் குரல் உயராது, தாழும்.

"இதோ பாரு ஹெலன். சனிக்கிழமை கமிட்டி. அதுக்குள்ளே என்ன கோளாறுன்னு கண்டுபிடி. இல்லேன்னா பழையபடி ஆகட்டும். வேன் வேணுங்கிறவங்க முந்தின நாள் சாயங்காலம் டிரைவருக்கு போன் பண்ணட்டும்."

"சார், அதுவரைக்கும் நான் கையாலே ஒவ்வொரு பேரா சரிபார்க்கறேன்."

"நீ லீவுல போனா? கையாலேயே பாக்கறதுன்னா அந்த புரோகிராம் எதுக்கு?"

பழைய முறை எனக்கு நன்றாக நினைவிருந்தது. உரக்கப் பேசத் தெரிந்தவர்கள் முதலில் ஏறினார்கள். மற்றவர்கள் மிச்சமிருந்த நேரத்தில் போனார்கள், அல்லது போகவில்லை. கோவிந்தன் அண்ணன் கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் பாறை துளைத்தவர். அந்தச் சத்தத்தில் காது போய்விட்டது. தொலைபேசியில் அவருக்கு எதிராளி பேசுவது கேட்காது. பழைய முறை திரும்பினால் முதலில் விடுபடப்போகிறவர் அவர்தான்.

சனிக்கிழமைக்குள் கண்டுபிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஆவன செய்யவும்

முதலில் கேள்விக்குப் பதில் சொல்லும் செயலி ஒன்றிடம் நிரலைக் கொடுத்தேன். நிரல் தெளிவாக எழுதப்பட்டிருப்பதாகப் பாராட்டியது. பாராட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

வகுப்பில் படித்தபோது ஓர் இணைய மன்றத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் தங்கள் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில், சம்பளமில்லாமல், யார் கேட்டாலும் பதில் சொல்வார்கள். அங்கே போனேன். முகப்பில் 'கேட்பதற்கு முன் படிக்கவும்' என்று ஒரு பக்கம் இருந்தது. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளைக்கூடக் கடைசி வரி வரை படிக்கிறவள் நான். அன்று அதைப் படிக்கவில்லை.

பள்ளி முடித்த வருடம் தங்கவயலில் ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்திருந்தேன். தகரக் கூரை. பன்னிரண்டு இயந்திரங்கள் ஒன்றாக அடித்தால் ஆலங்கட்டி மழை போலக் கேட்கும். அங்கே நாங்கள் நூற்றுக்கணக்கில் அடித்துப் பழகியவை விண்ணப்பக் கடிதங்கள். முதல் பத்தி வணக்கம். இரண்டாம் பத்தி நம் ஏழ்மை. மூன்றாம் பத்தி எதிராளியின் பெருந்தன்மை. காரியம் என்ன என்பது கடைசியில் அரை வரி. சில மாதிரிகளில் அதுவும் இருக்காது.

முப்பது வருடம் கழித்து, அதே வடிவத்தில் என் கேள்வியை ஆங்கிலத்தில் எழுதினேன். தலைப்பு: 'மிக அவசரம்!!!' உள்ளே, மதிப்பிற்குரிய ஐயாக்களுக்கு வணக்கம் என்று தொடங்கி, நாங்கள் ஏழை நோயாளிகளுக்குச் சேவை செய்யும் அமைப்பு என்றும், நிரல் சரியாக வேலை செய்யவில்லை என்றும், உங்கள் மேலான உதவியை நம்பியிருக்கிறோம், ஆவன செய்யவும் என்றும் முடித்தேன். கூடவே கணினித் திரையைக் கைபேசியில் படம் எடுத்துச் சேர்த்தேன். அதில் பாதி டியூப்லைட் வெளிச்சம்.

ஓர் இடத்தில் போட்டால் போதாது என்று நான்கு மன்றங்களில் அதையே போட்டேன். பேருந்து நிலையத்தில் ஒரே வீட்டார் நான்கு வரிசையிலும் ஆளுக்கொன்றாக நிற்பது போல.

ஒரு மணி நேரத்தில் பதில்கள் வந்தன.

'கேள்வி என்ன?' என்றார் ஒருவர்.

'படத்தை நான் ஓட்டிப் பார்க்க முடியாது. நிரலை எழுத்தாகக் கொடுங்கள்' என்றார் இன்னொருவர்.

மூன்றாமவர் எழுதியது உறைத்தது. ஒரு மன்றத்தில் என் படத்தைப் பெரிதாக்கி, வரி வரியாகத் தானே தட்டச்சு செய்து, அரை மணி நேரம் செலவழித்து மூன்று யோசனைகள் சொல்லியிருந்தார். பிறகுதான் இன்னொரு மன்றத்தில் வேறொருவர் அதே மூன்றையும் ஏற்கெனவே சொல்லியிருப்பதைப் பார்த்தாராம். 'இன்னும் எத்தனை பேருடைய நேரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்?' என்று கேட்டிருந்தார். அதோடு, இனி யாரும் பதில் எழுத முடியாதபடி என் கேள்வி மூடப்பட்டது.

நான் அதோடு நிற்கவில்லை. அந்த மன்றத்தில் நிறையப் பதில் சொல்கிற ஒருவர் மரங்கொத்தி என்ற புனைபெயரில் இருந்தார். அவருக்குத் தனியாக எழுதினேன். சார், நீங்கள் மட்டுமாவது கருணை காட்ட வேண்டும் என்று.

மரங்கொத்தியின் பதில் நான்கு வரி. 'பொதுவில் கேளுங்கள். பொதுவில் சொன்னால், அதே சிக்கலோடு நாளை வருகிறவருக்கும் உதவும். தனியாகச் சொன்னால் உங்களோடு போய்விடும். பிறகு, நான் சார் இல்லை, இரண்டு பிள்ளைகளின் அம்மா.'

விதிகளைப் படித்தது

அன்று சாயங்காலம் எனக்குக் கோபம்தான் இருந்தது. உயிர் விஷயம், இவர்கள் வடிவம் பார்க்கிறார்களே என்று.

காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது, எங்கள் நன்கொடையாளர்களுக்கு நான் எழுதும் கடிதங்கள் நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு தயாரிப்பு! எத்தனை நோயாளிகள், எத்தனை நடை, எதற்காகக் கேட்கிறோம் என்று தெளிவாக எழுதுகிறேன். இவர்களும் கொடுக்கிறவர்கள்தானே? கொடுப்பது நேரம். நான் கைநிறையப் புகழ்ச்சியும் ஒரு மங்கலான படமும் கொண்டுபோய், மிச்சத்தை நீங்களே கண்டுபிடியுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை, அன்றைய பட்டியலையும் மறுநாள் பட்டியலையும் கையால் சரிபார்த்துவிட்டு, அந்த விதிகள் பக்கத்தை முழுக்கப் படித்தேன். படித்ததை நோட்டில் என் வார்த்தையில் எழுதிக்கொண்டேன். என்ன செய்தேன், என்ன வரும் என்று எதிர்பார்த்தேன், என்ன வந்தது, இதுவரை எதையெல்லாம் முயன்றேன். சிக்கல் தெரிகிற அளவுக்கு மட்டும் நிரலைச் சுருக்க வேண்டும். அடுத்தவர் அப்படியே எடுத்து ஓட்டிப் பார்க்கும்படி கொடுக்க வேண்டும்.

நான்கு மணி நேரம் உட்கார்ந்து எழுதினேன். முப்பத்தெட்டு வரியைப் பதினான்காகக் குறைத்தேன். புதன்கிழமைக்குரிய நோயாளிகளை மட்டும் மாதிரிக்கு எடுத்துக்கொண்டேன்.

நோயாளிகளின் பெயரையும் எண்ணையும் ஊருக்கே காட்டக் கூடாது. அதனால் பெயர்களுக்குப் பதில் பூக்களின் பெயர் போட்டேன். கோவிந்தன் அண்ணன் தாமரை ஆனார். தொலைபேசி எண்களுக்குப் பதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் போட்டேன். கூட்டல் குறி கழித்தல் குறி எல்லாம் இரண்டு முறை சரிபார்த்தேன்.

தலைப்பை மாற்றினேன்: 'பதிவேட்டில் இருக்கும் ஒருவர் தினசரிப் பட்டியலில் சில நாள் மட்டும் விடுபடுகிறார்.' முந்தைய நாள் நான் செய்ததற்கு ஒரே வரியில் மன்னிப்பு. ஒரே மன்றத்தில் மட்டும் போட்டேன்.

எழுதி முடித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். இனி யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

யாருமே விடுபடவில்லை

வெள்ளிக்கிழமை காலை மூன்று பேர் பதில் எழுதியிருந்தார்கள். மூன்றும் ஒரே பதில்.

மரங்கொத்தி எழுதியிருந்தார்: 'நன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கொடுத்ததை அப்படியே ஓட்டினேன். தாமரை பட்டியலில் இருக்கிறார். யாருமே விடுபடவில்லை. அனுப்பும் முன் இதையே நீங்களும் ஓட்டிப் பார்த்தீர்களா?'

பார்க்கவில்லை. ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்த்தேன். ஓட்டிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

நானும் ஓட்டினேன். தாமரை இருந்தார். எல்லாப் பூவும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து பால்ராஜ் சார் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"என்னாச்சு?"

"நான் அனுப்பினது அவங்க கிட்டே சரியா ஓடுது சார்."

"அப்போ உன் கம்ப்யூட்டர்தான் கெட்டுப்போச்சா?"

"இல்லே சார். நான் அனுப்பின சாம்பிள்தான் தப்பு."

"ரெண்டு நாளா அதைத்தானே செஞ்சே?" என்றார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "நாளைக்குப் பத்தரைக்கு கமிட்டி. பாத்துக்கோ."

கேள்வியை அழித்துவிட்டுப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. முகம் தெரியாத இடம்தானே. ஆனால் மூன்று பேர் அவரவர் வேலையை விட்டுவிட்டு என் பதினான்கு வரியை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். 'ஓட்டிப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். தவறு என்னுடையது. இப்போது ஓட்டினேன், என்னிடமும் சரியாகத்தான் வருகிறது' என்று எழுதினேன்.

பத்து நிமிடத்தில் மரங்கொத்தி: 'நல்லது. இப்போது உங்களிடம் தவறும் பட்டியல் ஒன்றும், தவறாத பட்டியல் ஒன்றும் இருக்கின்றன. ஒன்றை மற்றொன்றாக்க நீங்கள் என்னென்ன மாற்றினீர்கள்?'

அந்தக் கேள்வியை ஒரு தாளில் எழுதி விசைப்பலகைக்கு மேல் வைத்துக்கொண்டேன்.

வரிகளைக் குறைத்தது போக, மாற்றியவை இரண்டு: பெயர்கள், எண்கள். என் கணினியில் மட்டும், பூக்களை எடுத்துவிட்டு உண்மைப் பெயர்களைப் போட்டேன். ஓட்டினேன். கோவிந்தன் அண்ணன் இருந்தார். பெயரில் தவறில்லை. பிறகு வரிசை எண்களை எடுத்துவிட்டு உண்மையான தொலைபேசி எண்களைப் போட்டேன். ஓட்டினேன்.

கோவிந்தன் அண்ணன் காணாமல் போனார்.

மாதிரியில் ஆளுக்கு ஆள் எண் வேறு. உண்மைப் பதிவேட்டில்? விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தேன். கோவிந்தன் அண்ணனுக்கு எதிரே இருந்த எண்ணைப் பன்னிரண்டு வரி தள்ளி மறுபடியும் பார்த்தேன். அருள்மேரி அக்கா. ஸ்டெல்லாவின் அம்மா. அவரும் எங்கள் நோயாளிதான்.

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன்.

"கோவிந்தன் அண்ணனுக்கு உன் நம்பரைக் கொடுத்தது யாரு?"

"நீங்கதான் ஆன்ட்டி. அவருக்குப் போன்ல காது கேக்காது, மெசேஜ் உனக்கு வரட்டும், நீ சொல்லிடுன்னு சொன்னீங்களே. நீங்களே எழுதிக்கிட்டீங்க."

உண்மைதான். அதைப் பதிவேட்டில் ஏற்றியவளும் நான்தான்.

"புதன்கிழமை உங்க அம்மாவும் போனாங்களா? அவங்களுக்குச் செவ்வாய், வியாழன், சனிதானே?"

"செவ்வாய் ஸ்கேன் இருந்துச்சுன்னு புதன் மத்தியானத்துக்கு மாத்திக் கொடுத்தீங்க. மூணு வாரம் முன்னாடியும் இதே மாதிரிதான்."

அவ்வளவுதான். என் நிரல் அன்றைக்குரிய ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு அறை ஒதுக்கி, அறையின் மேல் தொலைபேசி எண்ணை எழுதி வைக்கிறது. அதே எண்ணோடு இரண்டாமவர் வந்தால், உள்ளே இருக்கும் சீட்டை எடுத்தெறிந்துவிட்டுப் புதியதை வைக்கிறது. சத்தமே இல்லாமல். இருவரும் வேறு வேறு நாள் போகும்வரை மோதல் இல்லை. ஒரே நாள் வந்தால், மத்தியானம் போகிற அருள்மேரி அக்கா இருப்பார், காலையில் போக வேண்டிய கோவிந்தன் அண்ணன் இருக்க மாட்டார்.

ஓர் ஆளுக்கு ஒரு எண் என்று நினைத்து நிரலை எழுதியவளும் நான். ஒரு எண்ணை இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்தவளும் நான். அடுத்தவருடைய எண்ணை மறைக்கிறேன் என்று, தவறையும் சேர்த்து மறைத்து அனுப்பியவளும் நான்தான்.

மாதிரியைத் திருத்தினேன். எண்கள் பொய்யாகவே இருக்கட்டும், ஆனால் உண்மையில் ஒன்றாக இருக்கும் எண்கள் மாதிரியிலும் ஒன்றாக இருக்கும்படி செய்தேன். இந்த முறை ஓட்டினேன். தாமரை விடுபட்டார். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தத் தவறையும் பார்த்ததில்லை.

நான் கண்டதையும் சேர்த்து மன்றத்தில் போட்டேன். அரை மணி நேரத்தில் மரங்கொத்தி எந்த வரியை மாற்ற வேண்டும் என்று சொன்னார். அறையின் மேல் தொலைபேசி எண்ணுக்குப் பதில் பதிவு எண்ணை எழுத வேண்டும், அதுதான் ஆளுக்கு ஒன்று. கூடவே ஒரு வரி: 'வேறு யாரெல்லாம் எண்ணைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று இன்றே பாருங்கள்.'

பார்த்தேன். இன்னும் மூன்று ஜோடிகள் இருந்தன. அவர்கள் இன்னும் ஒரே நாளில் வராதது எங்கள் அதிர்ஷ்டம்.

சனிக்கிழமை

கமிட்டியில் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பால்ராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நிரல் தொடரட்டும் என்று முடிவாயிற்று.

"வெளியே கேட்டா கம்ப்யூட்டர் கோளாறுன்னு சொல்லிடு" என்றார்.

"கம்ப்யூட்டர் சரியாத்தான் செஞ்சுது சார். நான் எழுதினது தப்பு. மினிட்ஸ்லேயும் அப்படித்தான் எழுதப்போறேன். நாகராஜ் மேலே தப்பில்லைன்னும் எழுதணும்."

"எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கறதுதான்மா உன் வியாதி" என்றார். ஆனால் கையெழுத்துப் போட்டார்.

அன்றே மன்றத்தில் கடைசியாக ஒரு குறிப்பு எழுதினேன். வெறும் நன்றி அங்கே போதாது. எதைச் செய்ததில் சரியாயிற்று என்று எழுதி வைக்க வேண்டும், தேடி வருகிறவர்களுக்காக. பிறகு மீதி மூன்று மன்றங்களுக்கும் போய், விடை இங்கே கிடைத்துவிட்டது, இனி யாரும் இதற்காக நேரம் செலவிட வேண்டாம் என்று எழுதினேன். படத்தைப் பார்த்து வரி வரியாகத் தட்டச்சு செய்தவரிடம் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் பதில் எழுதவில்லை. எழுத வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

ஐந்து நாற்பத்தொன்று

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோவிந்தன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் காதருகே குனிந்து, நடந்ததை எல்லாம் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன்.

"இருக்கட்டும்மா. இதுக்குப் போயி."

"ஒண்ணு கேக்கணும் அண்ணா. ரெண்டு மணி நேரம் ஏன் சும்மா உக்காந்திருந்தீங்க? உங்க கிட்டே பட்டன் போன் இருக்கே. எதிர்வீட்டுக் கதவையாவது தட்டியிருக்கலாமே."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"நீங்கள்லாம் தர்மத்துக்குச் செய்யறீங்கோ. இன்னா இன்னும் வர்லேன்னு கேட்டா மரியாதையா இருக்குமா? கொடுக்கறவங்களை அதட்டுற மாதிரி ஆயிடாது?"

நான் முதலில் கேட்டது முறையாக இல்லை. இவர் கேட்கவே இல்லை. மரியாதை என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். எனக்கு மன்றத்தில் ஒரு கேள்வி மூடப்பட்டது. அவருக்குக் காலில் நீர் கோத்தது.

"அப்படி இல்லேண்ணா. நீங்க சொன்னாத்தான் எங்களுக்கு வேலை சுலபம். அஞ்சு நாப்பதுக்கு வேன் வர்லேன்னா, நாப்பத்தொண்ணுக்கு எனக்குப் போன் போடுங்க. பேரு, தெரு, எத்தனை மணி வண்டி, இப்போ மணி என்ன. இதை மட்டும் சொல்லுங்க. மன்னிப்பு, கும்பிடு எதுவும் வேண்டாம்."

"நீங்க பேசறது எனக்குக் கேக்காதே."

"கேக்க வேண்டாம். சொல்லிட்டு வெச்சிடுங்க."

அவர் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அவருடைய போனில் ஒன்று என்ற பட்டனை அழுத்தினால் எனக்கு வரும்படி வைத்துக் கொடுத்தேன். மூன்று முறை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். மூன்று முறையும் என் கைப்பையில் மணி அடித்தது.

சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பட்டியலும் தவறவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை, பாலை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தேன். காது கேட்காதவர்கள் பேசும் உரத்த குரல்.

"கோவிந்தன். லிங்கராஜபுரம், தண்ணித் தொட்டித் தெரு. அஞ்சு நாப்பது வண்டி. இப்போ அஞ்சு நாப்பத்தொண்ணு. வர்லே. வெச்சிடறேன்."

வைத்துவிட்டார். நாகராஜைக் கூப்பிட்டேன். ரிச்சர்ட்ஸ் டவுனில் டயர் பஞ்சர், மாற்றிக்கொண்டிருந்தார். மற்ற வேனை ஆறு மணிக்குள் அண்ணன் வாசலுக்கு அனுப்பினேன். கோவிந்தன் அண்ணனிடம் திரும்பக் கேட்க எனக்கு ஒரு கேள்விகூட இருக்கவில்லை.